34 வயதில் ஒரு வங்கி: டோனி எலுமெலு ஏறி வந்த வழி

கேட்கப்பட்ட கேள்வி இது: ஆப்பிரிக்காவில் ஓர் இளைஞர் நிதித்துறையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தத் தொழில் தொடங்கி, தொழிலதிபர் சங்கங்களில் முக்கியமான இடத்துக்கு வருவது உண்மையில் எப்படி நடக்கிறது? சங்கத்தில் சேர்ந்தால்தான் வளர முடியுமா? இன்று இருபதுகளில் இருப்பவருக்கும் அதே வழி திறந்திருக்கிறதா?

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொன்னால் அது எந்த நாட்டுக்கும் பொருந்தாது. எனக்கு ஓரளவு நன்றாகத் தெரிந்தது நைஜீரியா. அதன் பெரிய வணிக நகரமான லாகோஸில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் சில வருடங்கள் கணக்கு பார்த்திருக்கிறேன். அதனால் அந்த நாட்டையும், அங்கே உருவான வங்கியாளரும் தொழிலதிபருமான டோனி எலுமெலுவின் வாழ்க்கையையும் வைத்தே பதில் சொல்கிறேன். அவருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் கேட்ட கட்டம் முழுவதும் அவருடைய 22 வயதுக்கும் 47 வயதுக்கும் நடுவில் நடந்து முடிந்தது.

முதலில் ஒரு சந்தைக் காட்சி. லாகோஸ் தீவில் பலோகுன் சந்தை இருக்கிறது. துணி, செருப்பு, நகை, பாத்திரம் என்று தெருத்தெருவாகப் போகும். அங்கே தினமும் ஒருவர் கையில் ஒரு கட்டு அட்டைகளுடன் கடை கடையாக வருவார். யொரூபா மொழியில் அவரை அலாஜோ என்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் 31 கட்டங்கள் இருக்கும். கடைக்காரப் பெண் அன்றைக்கு 500 நைரா (நைஜீரிய நாணயம்) கொடுத்தால் ஒரு கட்டத்தில் கோடு போடுவார். மாதக் கடைசியில் 30 நாள் பணம் திரும்பி வரும், ஒரு நாள் பணம் அலாஜோவுக்குக் கூலி. வட்டி கிடையாது. போட்ட பணத்தைவிடக் குறைவாகத்தான் கைக்கு வருகிறது, ஆனாலும் அந்தப் பெண்கள் விடாமல் கட்டுவார்கள். கடையை விட்டுவிட்டு வங்கி வரிசையில் போய் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. கையில் காசு இருந்தால் யாராவது கேட்டு வாங்கிப்போய்விடுவார்கள். அவசரத்துக்கு அலாஜோ முன்பணமும் தருவார். இதோடு எசுசு என்ற முறையும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. நம்ம ஊர்ச் சீட்டேதான். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு இந்தப் பழக்கம் கடல் தாண்டிப் போய், கரீபியன் தீவுகளில் இன்றும் சூசூ என்ற பெயரில் நடக்கிறது.

பலோகுனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் மரினா சாலை. பெரிய வங்கிகளின் தலைமையகங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 57-ஆம் எண் கட்டிடம் யுனைடெட் பேங்க் ஃபார் ஆப்பிரிக்கா, சுருக்கமாக யூபிஏ. சந்தையில் இவ்வளவு சேமிப்பு இருந்தும், பத்து நிமிட நடைத் தூரத்தில் இருந்த வங்கிகள் பல காலம் அதைத் தேடி வரவில்லை. எலுமெலுவின் கதையைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1963-ல் ஜாஸ் நகரத்தில் பிறந்தவர், குடும்பத்தின் பூர்வீகம் டெல்டா மாநிலம். பொருளாதாரம் படித்தார். முதலில் செய்த வேலைகளில் ஒன்று ஜெராக்ஸ் இயந்திர விற்பனை. அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கதவைத் தட்டி விற்கிற வேலை. அதன் பிறகு ஆல்ஸ்டேட்ஸ் டிரஸ்ட் என்ற புதிய வங்கியில் வேலைக்கு விளம்பரம் வந்தது. பட்டத்தில் அவர்கள் கேட்ட தரம் இவரிடம் இல்லை. ஆனாலும் விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் எழுதி வைத்தார். மதிப்பெண் போதாது என்று தெரிந்தேதான் விண்ணப்பிக்கிறேன், இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்ற பொருளில் எழுதியதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வங்கியை நடத்திய எபிதிமி பனிகோ அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வேலை கொடுத்தார். 27 வயதில் எலுமெலு கிளை மேலாளர்.

இந்த இடத்தில் கதையைச் சொல்கிற பலரும் திறமை, உழைப்பு, தன்னம்பிக்கை என்று போய்விடுகிறார்கள். அதெல்லாம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு புதிய வங்கி ஏன் இருந்தது, அது ஏன் தகுதிப் பட்டியலுக்கு வெளியே இருந்த ஒரு இளைஞரை எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. 1986-ல் நைஜீரிய அரசு பொருளாதாரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, வங்கி உரிமங்களைத் தாராளமாகக் கொடுக்கத் தொடங்கியது. நாற்பது சொச்சமாக இருந்த வங்கிகள் சில வருடங்களில் 120 வரை போய்விட்டன. அத்தனை வங்கிக்கும் ஆள் வேண்டும், அதிலும் வெளியே போய் டெபாசிட் பிடித்து வரக்கூடிய ஆள் வேண்டும். நைஜீரிய வங்கிகளில் இதற்கென்றே இளைஞர்களை எடுப்பார்கள், மார்க்கெட்டர் என்பார்கள். மாதத்துக்கு இவ்வளவு டெபாசிட் என்று இலக்கு கொடுத்துவிடுவார்கள். ஜெராக்ஸ் இயந்திரம் விற்றுப் பழகியவருக்கு அது கைவந்த வேலை.

என் கருத்து என்னவென்றால், அவருடைய வாழ்க்கையின் ஒவ்வொரு படியும் மத்திய வங்கியின் ஒரு விதி மாறியபோது வந்திருக்கிறது. மற்றவர்களுக்குக் கதவு மூடிய அதே நாளில் அவருக்குத் திறந்தது, ஒரு முறை அவருக்கே மூடியது. வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

தாராளமாக முளைத்த வங்கிகள் 1990-களில் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. ராணுவ ஆட்சிக் காலம், வாராக் கடன், இயக்குநர்களே தங்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டது, எல்லாம் சேர்ந்து அடித்தது. 1998 ஜனவரியில் மட்டும் மத்திய வங்கி ஒரே அறிவிப்பில் 26 வங்கிகளை மூடியது. அதற்கு முந்தின வருடம், 1997-ல், எலுமெலு சில முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு, நொடித்துப்போன கிரிஸ்டல் வங்கியைக் கைக்கு எடுத்தார். வயது 34. பெயரை ஸ்டாண்டர்டு டிரஸ்ட் வங்கி என்று மாற்றினார். நாடு முழுவதும் மக்கள் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வங்கி வாங்குவதை ஒரு பைத்தியக்காரத்தனமாகத்தான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் நல்ல காலத்தில் 34 வயதுக்காரர் கையில் யார் வங்கியைக் கொடுப்பார்கள்? நொடித்துப்போனதால்தான் அது அவர் எட்டும் விலைக்கு வந்தது. உரிமம் ஏற்கெனவே இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை. நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவது அவருக்குத் தெரிந்த வேலை: நிறையக் கிளைகள், இளம் ஊழியர்கள், பெரிய வங்கிகள் திரும்பிப் பார்க்காத வாடிக்கையாளர்கள்.

அடுத்தது 2004 ஜூலை. மத்திய வங்கி ஆளுநர் சார்லஸ் சொலூடோ ஒரு நாள் அறிவித்தார்: ஒரு வங்கியின் குறைந்தபட்ச மூலதனம் 200 கோடி நைராவிலிருந்து 2,500 கோடி நைராவாக உயர்கிறது, கெடு 2005 டிசம்பர் 31. பன்னிரண்டரை மடங்கு. ஒன்றரை வருடம்கூட அவகாசம் இல்லை. நாட்டில் அப்போது 89 வங்கிகள் இருந்தன. சேர வேண்டும், விற்க வேண்டும், இல்லை மூட வேண்டும். 2006 பிறந்தபோது மிஞ்சியது 25. ஸ்டாண்டர்டு டிரஸ்ட், தன்னைவிட மிகப் பழைய வங்கியான யூபிஏவோடு 2005-ல் இணைந்தது. இணைந்த வங்கிக்குப் பெயர் பழைய வங்கியுடையது, தலைமைச் செயல் அதிகாரி எலுமெலு.

அதே வேளையில், அவருக்கு முதல் வாய்ப்புக் கொடுத்த ஆல்ஸ்டேட்ஸ் டிரஸ்ட் வங்கியால் 2,500 கோடியைத் திரட்ட முடியவில்லை. அதன் உரிமம் ரத்தானது. கடிதத்தைப் படித்து வேலை கொடுத்த வங்கி போய்விட்டது, அந்தக் கடிதத்தை எழுதியவர் மரினா சாலையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மனதை அழுத்துகிற இடம் இது. அந்த வங்கியில் வேலை பார்த்தவர்கள் யாரும் எலுமெலுவைவிடக் குறைவாக உழைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

யூபிஏவை அவர் நைஜீரியாவுக்கு வெளியே கொண்டுபோனார். கானா, கேமரூன், ஐவரி கோஸ்ட், உகாண்டா, கென்யா என்று விரிந்து, இன்று அது 20 ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறது. பிறகு 2009-ல் வங்கிகளுக்கு மறுபடியும் நெருக்கடி. புதிய ஆளுநர் சனுசி லாமிடோ சனுசி எட்டு வங்கிகளின் தலைவர்களை நீக்கி, மொத்தம் 62,000 கோடி நைராவைப் போட்டு வங்கிகளைத் தாங்கினார். அடுத்த வருடமே இன்னொரு விதி: தலைமைச் செயல் அதிகாரி பத்து வருடத்துக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது. நீக்கப்பட்ட எட்டுப் பேரில் எலுமெலு இல்லை. ஆனால் 1997-லிருந்து எண்ணினால் அவருக்குப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. 2010 ஜூலைக் கடைசியில் பதவி விலகினார். வயது 47.

அதே வருடம் ஏர்ஸ் ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தையும், தன் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார். 2011-ல் டிரான்ஸ்கார்ப் என்ற நைஜீரிய நிறுவனம் அவர் கட்டுப்பாட்டுக்கு வந்தது. 2013-ல் அரசு மின் நிலையங்களைத் தனியாருக்கு விற்றபோது உகெல்லி மின் நிலையத்தை டிரான்ஸ்கார்ப் 30 கோடி டாலருக்கு வாங்கியது. 2014-ல் யூபிஏவுக்கே தலைவராகத் திரும்பி வந்தார். 2010-ல் வெளியே வந்தவர் சும்மா உட்காராமல் இருந்ததற்கு ஒரு காரணம், பதின்மூன்று வருடங்களில் அவர் யார் யாருக்குக் கடன் கொடுத்தார், யார் திருப்பிக் கட்டினார், எந்தத் தொழில் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பது முழுக்க அவர் தலையில் இருந்தது. நிதித்துறையில் தொடங்குவதில் கிடைக்கிற பெரிய சொத்து அதுதான் என்று நினைக்கிறேன். சம்பளம் அப்புறம்தான். ஊரில் உள்ள அத்தனை பேருடைய கணக்குப் புத்தகமும் உங்கள் மேசைக்கு வருகிறது.

சரி, சங்கங்களுக்கு வருவோம்.

நைஜீரியாவில் சங்கம் என்பது சந்தையிலேயே தொடங்குகிறது. பலோகுனில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சங்கம் உண்டு, சந்தைப் பெண்களுக்கு இயாலோஜா என்ற தலைவி உண்டு. யாருக்கு எங்கே கடை, யாருக்கும் யாருக்கும் சண்டை, நகராட்சிக்காரர் வந்தால் யார் பேசுவது, எல்லாம் அங்கே தீர்கிறது. உள்ளே வராதவர் சரக்கை இறக்கவே முடியாது. மேலே போகப் போகப் பெயரும் கட்டிடமும் மாறும், வேலை அதேதான். லாகோஸ் வணிக தொழிற்சபை 1888-ல் தொடங்கியது. தேசிய அளவில் எல்லா வணிகச் சபைகளுக்குமான கூட்டமைப்பு, சுதந்திரம் கிடைத்த 1960-ல் வந்தது, அதை நாக்கிமா என்பார்கள். உற்பத்தியாளர் சங்கம் 1971-ல். எண்ணெய் அல்லாத பொருளை ஏற்றுமதி செய்கிற ஒருவர் நாக்கிமாவிடம் போயே ஆக வேண்டும், சரக்கு எங்கே உருவானது என்ற தோற்றச் சான்றிதழை அவர்கள்தான் தருகிறார்கள். இளம் வியாபாரிகள் பலர் வணிகச் சபை வாசலை முதலில் மிதிப்பது இப்படி ஒரு காகிதத்துக்காகத்தான்.

வங்கிக்காரர்களுக்கு இவற்றைவிட முக்கியமான ஒரு மேசை இருக்கிறது. வங்கியாளர் குழு என்று பெயர். மத்திய வங்கியும் எல்லா வங்கிகளின் தலைவர்களும் ஒன்றாக உட்காருகிற இடம். நான் மேலே சொன்ன விதி மாற்றங்களைப் பற்றி முதலில் பேசுவதும், எதிர்ப்பதும், கெடு கேட்பதும் அங்கேதான். 34 வயதில் ஒரு சின்ன வங்கியின் தலைவராக எலுமெலு அந்த மேசைக்கு வந்தார். 2004 அறிவிப்பு வந்தபோது அவர் ஏழு வருடம் அங்கே உட்கார்ந்திருந்தவர். யாரோடு சேரலாம், யார் கணக்கு உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்பது தெரிய அது உதவாமல் போயிருக்காது. அரசின் ஆலோசனைக் குழுக்கள், 2013-ல் அமைந்த தேசியப் போட்டித்திறன் குழுவின் துணைத் தலைவர் பதவி, அதே வருடம் அமெரிக்க அதிபர் ஒபாமா அறிவித்த பவர் ஆப்பிரிக்கா என்ற மின்சாரத் திட்டத்தில் ஏர்ஸ் ஹோல்டிங்ஸ் தருவதாகச் சொன்ன 250 கோடி டாலர் முதலீடு, இவையெல்லாம் மிகப் பின்னால் வந்தவை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: சங்கம் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஒரு கணக்குப் புத்தகம், பிறகு சங்கம். முகவரி அட்டையில் நாலு சங்கத்தின் பொறுப்பை அச்சடித்துக்கொண்டு, தொழிலில் ஒன்றும் இல்லாமல் வந்த இளைஞர்களை லாகோஸில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களை எல்லோரும் மரியாதையாக வரவேற்பார்கள், யாரும் கடன் தர மாட்டார்கள். மறுபக்கம், தொழில் மட்டும் பார்த்துக்கொண்டு சங்கம் பக்கமே போகாதவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் லாகோஸ் மாநில அரசு நகரத்தின் பல முக்கியப் பகுதிகளிலும் நெடுஞ்சாலைகளிலும் மோட்டார்சைக்கிள் டாக்சிகளைத் தடை செய்தது. அங்கே அதை ஒக்காடா என்பார்கள். செயலி வழியாக ஒக்காடா ஓட்டிய இளம் நிறுவனங்கள், கோக்காடா, மேக்ஸ், ஓரைடு, வெளிநாட்டு முதலீடு வாங்கி வளர்ந்துகொண்டிருந்தவை, சில நாள் அறிவிப்பில் தங்கள் முதன்மைத் தொழிலை இழந்தன. அடுத்த வருடம் பிப்ரவரியில் மத்திய வங்கி, கிரிப்டோ நாணய வணிகத்தோடு தொடர்புள்ள கணக்குகளை மூடச் சொல்லி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. அதிலும் இளைஞர்களின் நிறுவனங்கள்தான் மாட்டின. பழைய வங்கிக்காரர்களுக்கு வங்கியாளர் குழு என்ற மேசை இருந்தது. இவர்களுக்கு அப்போது அப்படி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் சேர்ந்து, அரசுத் தரப்போடு உட்கார்ந்து, புத்தொழில் நிறுவனங்களுக்கென்று ஒரு சட்ட வரைவைத் தயாரித்தார்கள். 2022 அக்டோபரில் அது நைஜீரிய ஸ்டார்ட்அப் சட்டமாகக் கையெழுத்தானது. அந்தச் சட்டம் எந்த அளவு நடைமுறைக்கு வருகிறது என்பது வேறு விஷயம். ஆனால் நைஜீரியாவில் முப்பது வயதுக்காரர்கள் தங்களைப் பற்றிய விதியைத் தாங்களே எழுத உட்கார்ந்தது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

மூன்றாவது கேள்வி, இன்றைக்கு அதே வழி உண்டா என்பது. வங்கி வாங்குகிற வழி மூடிவிட்டது. 2024 மார்ச்சில் மத்திய வங்கி மூலதனத்தை மறுபடி உயர்த்தியது: வெளிநாட்டிலும் இயங்குகிற வங்கிக்கு 50,000 கோடி நைரா, நாட்டுக்குள் மட்டும் இயங்குகிற வங்கிக்கு 20,000 கோடி. கெடு 2026 மார்ச் 31. எந்த 34 வயதுக்காரரும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இதைத் திரட்ட முடியாது. கடன் வாங்கித் தொழில் செய்வதும் கடினம். மற்ற வட்டிகளுக்கு அடிப்படையாக மத்திய வங்கி வைக்கும் கொள்கை வட்டியே 2024 நவம்பரில் 27.5 சதவீதம். வங்கி அதற்கு மேல் தன் பங்கை வைத்துத்தான் கொடுக்கும்.

எலுமெலுவின் அறக்கட்டளை 2015-லிருந்து இதற்கு ஒரு வழி செய்கிறது. பத்து வருடத்தில் 10,000 ஆப்பிரிக்கத் தொழில்முனைவோர், 10 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். தேர்வானவருக்குப் பயிற்சியும், திருப்பிக் கட்ட வேண்டாத 5,000 டாலரும். 54 நாட்டினரும் விண்ணப்பிக்கலாம். 2019-ல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 5,000 டாலரில் ஒரு தையற்கடை, ஒரு கோழிப்பண்ணை, ஒரு சிறு மென்பொருள் முயற்சி தொடங்கலாம். மூன்றாவது வருடத்தில் பெரிய ஆர்டர் வரும்போது சரக்கு வாங்கப் பணம் வேண்டும், அந்தப் பணம் இன்னும் வங்கியிடம்தான் இருக்கிறது. எலுமெலுவே ஒரு வங்கியின் தலைவர் என்பதால் இதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இன்றைய இளைஞர்கள் வேறு பக்கமாக வந்தார்கள். பேஸ்டாக் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தை ஷோலா அகின்லாடேயும் எஸ்ரா ஒலுபியும் 2015-ல் தொடங்கினார்கள். 2020-ல் அமெரிக்காவின் ஸ்ட்ரைப் அதை 20 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. எனக்கு அதைவிடப் பிடித்தது பிக்கிவெஸ்ட். 2015 கடைசி நாளில் நைஜீரியப் பெண் ஒருவர் ட்விட்டரில் ஒரு படம் போட்டார். வருடம் முழுக்க ஒரு மரப்பெட்டியில் தினம் 1,000 நைரா போட்டு வந்ததாகவும், அன்றைக்கு உடைத்து எண்ணியதாகவும் சொன்னார். அங்கே அந்தப் பெட்டிக்கு கொலோ என்று பெயர், நம் உண்டியல் மாதிரி. கவனென்ட் பல்கலைக்கழகத்தில் படித்த ஒடுனாயோ எவெனியி, சோம்தோ இஃபெசுவே, ஜோஷுவா சிபுவேஸே ஆகிய மூவரும் அதைப் பார்த்துவிட்டு, இதையே கைபேசியில் செய்தால் என்ன என்று யோசித்து, அடுத்த மாதமே பிக்கிபேங்க் என்ற பெயரில் தொடங்கினார்கள். தினமும் கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையை எடுத்து ஒதுக்கி வைக்கும், குறித்த நாள் வரை நீங்களே நினைத்தாலும் எளிதில் எடுக்க முடியாது. 2018-ல் அவர்களுக்கு முதல் பெரிய முதலீடு வந்தது, 11 லட்சம் டாலர். அடுத்த வருடம் பெயரை பிக்கிவெஸ்ட் என்று மாற்றினார்கள்.

பலோகுனில் அலாஜோ அட்டையில் போடுகிற கோடும் இதுவும் ஒரே வேலைதான். இதில் மாதக் கடைசியில் ஒரு நாள் பணத்தைக் கூலியாக எடுத்துக்கொள்வதில்லை, மேலே வட்டியும் தருகிறார்கள். எவெனியி 2021-ல், பெண்கள் தொடங்குகிற நிறுவனங்களில் முதலீடு செய்கிற ஒரு நிதியத்தையும் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். வங்கி வாங்காமல், சந்தைப் பெண்களின் பழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்.